தூண் தாழ்ந்தது

ஆற்று நீர்மட்ட அலுவலகத்தின் கணினித் திரையில் சாய்வெயில் ஜன்னல் கம்பிகளை நிழலாகக் கோடிட்டிருக்கிறது. முன்னே அண்ணனும் தங்கையும். ஆற்றில் நிற்கும் அளவுத்தூணின் அடிமட்டம், அவர்களுடைய அப்பா மார்பளவு நீரில் நின்று அளந்தது. முப்பது வருடமாகத் தரவுத்தளத்தில் மாறிலியாக இருக்கிறது. அதைப் பதிக்கும் சி மொழிக் கணினி நிரலை எழுதியவர் அண்ணன். பழைய எண்ணையும் மாற்றும் காரணத்தையும் சொல்லாமல் அது புதிய எண்ணை ஏற்காது. இன்று வந்த புதிய அளவீட்டில் அந்த அடிமட்டம் இரண்டு விரற்கடை குறைகிறது.

“பழசு என்னண்ணா?” “நாலு புள்ளி ரெண்டு ஏழு மீட்டர்.” அன்று நீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்று அப்பா சொன்ன அதே குரலில் அது அண்ணன் வாயில் வருகிறது. தங்கை காரணமாகப் ‘பிழை திருத்தம்’ என்று தட்டுகிறாள். அவர் முதுகு விறைக்கிறது. “யாரோட பிழை? அப்பாவோடதா?” “ஐயோ, ஒரு பேச்சுக்குப் போட்டேன். அதுக்குள்ள மூக்கு மேல கோபம்!” “அவர் அளந்தது கல்லுல வெட்டின மாதிரி. தூண்தான் மண்ணுல இறங்கிடுச்சு.” அவள் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்துகிறாள். எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, ‘தூண் தாழ்ந்தது’ என்று அவர் அடிக்கிறார். பழைய எண் இன்னும் திரையில் இருக்கிறது, அதன் கீழே புதியது. மாற்றத்தைப் பதிக்கும் கடைசிப் பொத்தானின் மேல் அவர் விரல் அசையாமல் நிற்கிறது. தங்கை அந்த விரலின் மேல் தன் விரலை வைத்து, மெல்ல அழுத்துகிறாள்.