தகவல் கொடுத்தவர்

"எங்க அத்தை செங்கமலம் செத்துட்டாங்களான்னு பாத்துச் சொல்லுங்க சார்," என்று பதிவு அலுவலகத்தில் கேட்டேன்.

வீட்டில் அந்தப் பெயரையே எடுக்கக் கூடாது. வேற்றுச் சாதிக்காரனோடு ஓடிப்போய் சூரத்தில் நன்றாக இருக்கிறாள் என்பார்கள். ஒரு கடிதம்கூட வந்ததில்லை. நாளை மறுநாள் வீட்டுக்குத் தெரியாமல் நான் கட்டிக்கொள்ளப்போகும் அருளும் எங்கள் சாதி இல்லை.

எழுத்தர் இரண்டு புத்தகங்களைப் புரட்டினார். "கல்யாணம் தொண்ணூத்தெட்டு ஜூன் நாலு. சாவு ஏழாந்தேதி. வயித்துவலின்னு போட்டிருக்கு. எதுக்கும்மா இந்தப் பழங்கதை?"

புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன். எங்கள் வீட்டில் இதை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்தில்லை, கைநாட்டு. ரேகையின் குறுக்கே அரிவாள் கிழித்த தழும்பு வெள்ளையாக ஓடியது. சற்று முன் சாலையைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல் அது.

"பாப்பா, ஆச்சா?" வாசலிலிருந்து அப்பா கூப்பிட்டார். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருக்கிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"அஞ்சு நிமிஷம்ப்பா."

பக்கத்தைப் படம் எடுத்தேன். 'எதுவும் எடுத்துக்காத, இப்பவே எஸ்.பி. ஆபீசுக்கு வா' என்று அருளுக்கு அனுப்பிவிட்டுப் பின்கதவு வழியாக வெளியேறினேன்.