கழக மரியாதை

தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் முனையில், சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி பறப்பதை மைதானத்தில் நின்றபடியே பார்த்தார் சுதாகரன். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த லயத்தில் சாவுக்குக் காத்திருந்தவன் நிரோஷன் ஒருவன்தான்.

கழகச் செயலாளர் என்ற முறையில் உடனே தலைவருக்குப் போன் போட்டார்.

“நம்ம நிரோஷன் முடிஞ்சிட்டான் போலங்க முதலாளி. கொடி கட்டியாச்சு.”

மஸ்கெலியா பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தலைவர் சோமசுந்தரம் வியாபாரத்தை நிறுத்தாமலே பேசினார். தராசுத் தட்டில் பருப்பு விழும் சத்தம் கேட்டது.

“கசிப்புக் குடிதானே?”

“வேற எதுல சாவான்.”

“பாவம், தலையால முட்டி கோல் போடுறதுல அவன மிஞ்ச ஆள் இல்ல. வேன அனுப்புறேன். பயலுகள ஜெர்சியோட வரச் சொல்லு. கொடிக்கு இஸ்திரி போட்டிருக்கான்னு பாரு.”

இளஞ்சூரியன் விளையாட்டுக் கழகத்தின் யாப்பு என்ற சட்டப் புத்தகத்தில், முன்னாள் வீரர் ஒருவர் இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றரைப் பக்கத்துக்கு இருக்கிறது. வேன், ஜெர்சி போட்ட பதினொரு பேர், உடல்மேல் கழகக் கொடி, மைதானத்தில் இரண்டு நிமிட மௌனம். முன்னாள் வீரர் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

போன வாரக் கூட்டத்தில் நிரோஷனின் மனைவி பூரணிக்கு இதைத்தான் வாசித்துக் காட்டினார்கள். கண்டிப் பக்கம் குடியை விடவைக்கும் இல்லம் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. எட்டு நாளைக்குத்தான் கட்டிலை வைத்திருப்பார்களாம். கால் வீங்கி எழும்ப முடியாதவனை எந்த பஸ்காரரும் ஏற்ற மாட்டேன் என்கிறார், கழக வேன் ஒரு தடவை வந்தால் போதும் என்று கேட்டாள்.

“வேன் சாவுக்கு மட்டுந்தாம்மா,” என்றார் தலைவர். “ஒருத்தனுக்குக் குடுத்தா, ஊர்ல உள்ள எல்லாக் குடிகாரனும் நானும் அந்தக் காலத்துல கோல் போட்டேன்னு வந்து நிப்பான்.”

“இவருக்கு மொதத் தடவ ஊத்திக் குடுத்ததே கழகந்தானேங்க.”

கோலுக்கு ஒரு போத்தல் என்பது கழகத்தின் வழக்கம். யாப்பில் இல்லாவிட்டாலும் ஒரு தடவைகூடத் தவறாத வழக்கம். பத்தொன்பது வயதில் இறுதிப் போட்டியில் மூன்று கோல் போட்டுவிட்டு மழையில் வெடவெடத்து நின்ற நிரோஷனின் வாயில் முதல் கிளாஸைச் சாய்த்தவர் சுதாகரன். போன வாரக் கூட்டத்தில் அவர் தலையைத் தூக்காமல் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

வேன் மேட்டில் முக்கிக்கொண்டு ஏறியது. பச்சை ஜெர்சிக்காரர்கள் பின்னால் நடந்தார்கள்.

“ரெண்டு நிமிசமாண்ணே?” என்று கேட்டான் இப்போதைய கேப்டன் கிஷாந்த். “போன சாவுக்குத் தலைவர் நாப்பது செக்கன்லயே முடிச்சிட்டாரே.”

“அன்னைக்கு மழைடா.”

சுதாகரன் இரங்கலுரையை மனதுக்குள் ஒருதடவை ஓட்டிப் பார்த்தார். ‘கழகம் தன் வீரர்களை என்றும் கைவிட்டதில்லை’ என்ற இடத்தில் மட்டும் இருமல் வந்தது.

லயம் வெறிச்சோடிக் கிடந்தது. எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். ஒப்பாரியும் இல்லை, தப்பு மேளச் சத்தமும் இல்லை. குடிகாரன் சாவுக்கு யார் அரைநாள் வேலையை விடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கொடிக்கம்பைக்கூடப் பூரணிதான் நட்டிருக்க வேண்டும். அவள் கையில் ஈரமண் ஒட்டியிருந்தது.

கடைசிக் காம்பரா அறையில் நிரோஷன் கம்பளிக்குள் நீட்டிக் கிடந்தான். முகம் மஞ்சள் பூத்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. பூரணி அழவில்லை. ஒரு பையில் இரண்டு சாரம், சோப்பு, ஸ்வெட்டர் என்று அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஸ்வெட்டர் எதுக்கு தங்கச்சி?”

“அவருக்குக் குளிர் ஒத்துக்காதுண்ணே.”

துக்கம் மனிதர்களைப் பேதலிக்க வைத்துவிடும் என்று சுதாகரன் கேள்விப்பட்டிருந்தார். பையை அவரே வாங்கிக்கொண்டு போய் வேனில் வைத்தார்.

“பெட்டி டவுன்லருந்து வரணும். அதுக்குள்ள மைதானத்துல ரெண்டு நிமிசம் வச்சிட்டு…”

“எல்லாம் பொறகு பாப்பம்ணே. மொதல்ல வேன்ல ஏத்துங்க.”

ஆறு பேர் கம்பளியோடு சேர்த்துத் தூக்கினார்கள். ஆறு பேருக்கு வேலையே இருக்கவில்லை, அவ்வளவு லேசாக இருந்தான். கழகம் அவனைத் தூக்குவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை அவன் கையில் கோப்பை இருந்தது.

வேனின் நீளச் சீட்டில் கிடத்தியதும் பூரணி ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கதவை இழுத்துச் சாத்தச் சொன்னாள். சுதாகரன் இஸ்திரி போட்ட கொடியை விரித்து, யாப்பில் உள்ளபடியே, காலிலிருந்து மேலே இழுத்துக்கொண்டு வந்தார்.

கழுத்துக்கு வந்தபோது அவள் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“முகத்த மூடாதீங்கண்ணே. கண்டி போற வரைக்கும் மூச்சு விடணும்.”