மகள் வைக்க வேண்டிய மாந்தோ

கெங் கிழவரின் ஒரே மகள் சூயிங், அப்பாவின் சாவுக்கு வெறுங்கையோடு வந்து நின்றாள்.

முற்றத்தில் சவப்பெட்டி. தலைமாட்டில் பழம், ஊதுவத்தி எல்லாம் இருந்தது. மகள் வைக்க வேண்டிய மாந்தோ மட்டும் இல்லை.

சீனாவின் ஷான்டோங்கில் அப்பா செத்தால், கட்டிக்கொடுத்த மகள்தான் கோதுமை மாவைப் பிசைந்து, புளிக்கவைத்து, தலையளவு மாந்தோ உருண்டைகளாக ஆவியில் அவித்துக் கொண்டுவர வேண்டும். தோலில் ஒரு வெடிப்பு இருக்கக் கூடாது. வாழ்நாளில் ஒரே தடவைதான் படைக்கலாம். மறுபடி அவித்தால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள்.

"ஏண்டி, உங்க ஊர்ல கோதுமையே விளையலையா?" என்றாள் அத்தை.

சூயிங் குனிந்து பெட்டியை வணங்கினாள்.

அத்தைக்கு அது போதும். சூயிங்கின் தம்பி பௌதியனைக் காட்டி, ஊருக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள். கிழவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள் வெள்ளை மாவையே விடாதவன் அவன். மாந்தோ வேண்டும் என்று அவர் அழுதபோதுகூட மக்காச்சோள உருண்டையைத்தான் கொடுத்தான்.

"பிள்ளைன்னா இவன் பிள்ளை. நீயும் வந்து பொறந்தியே."

பௌதியன் தலை நிமிரவில்லை. துக்கம் என்று நினைத்தார்கள்.

சடங்கை நடத்திய பெரியவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். படையல் வைக்காதவள் பெட்டிக்குப் பின்னால் நடக்கக் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று அழுதுகொள்ளலாம்.

நின்றாள். அழவில்லை. அதையும் பேசினார்கள்.

பெட்டி வெளியே வந்தது. கொடி பிடித்து முன்னால் வந்த பௌதியன், அவள் நின்ற இடத்தில் மண்டியிட்டான். வழியெல்லாம் மண்டியிடுவது வழக்கம்தான், யாரும் கவனிக்கவில்லை.

"அக்கா, சொல்லிட மாட்டியே?" என்றான் மெதுவாக.

"மாட்டேன்," என்றாள். "'செத்தப்புறம் வைக்கப்போறதை இப்பவே கொண்டா'ன்னு அப்பா கேட்டார், கொண்டுவந்தேன். அதைச் சூடாப் பிட்டு அவருக்கு ஊட்டினது நீன்னு தெரிஞ்சா, உன்னையும் இங்கயே நிறுத்திடுவாங்க. அவருக்கு முன்னால நடக்க ஒரு பிள்ளையாவது வேணும். எந்திரி, போ."