ஏழாவது வளைவில் ஒரு சிகரெட்

அன்று வியட்நாமின் ஹாய் வான் கணவாயில் இருந்தது மூடுபனியா, தூறலா என்று ஓட்டுநர் தொவானால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிகரெட் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஹுவேயிலிருந்து தா நாங் போகும் வாடகைக் காரைத் தொவான் ஏழாவது வளைவில் நிறுத்துகிறான். பாறையடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மாடம். போன வருடம் இங்கே லாரியோடு உருண்டுபோன கூட்டாளி லுக்கிற்கு ஓட்டுநர்கள் வைத்தது. தொவான் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து ஊதுவத்திக் கிண்ணத்து மணலில் நடுகிறான். "இழுடா, உன் பிராண்டுதான்." நுனி கனன்று, புகை கடல் பக்கம் சாய்கிறது. காரிலிருந்து பயணியான சைகோன்காரர் இறங்கி வருகிறார். ஏப்பத்தில் பூண்டு நாறுகிறது. குனிந்து அந்தச் சிகரெட்டைப் பிடுங்கி ஈர உதட்டில் வைத்துக்கொள்கிறார். "எதுக்குத் தம்பி வீணாக்குறே? அவன் எங்க இழுக்கப் போறான்? ஏய், கடல் தெரியுற மாதிரி எடு!" அவர் மனைவி கைபேசியைத் தூக்கிச் சிரிக்கிறாள். "உங்களுக்குப் பயமே கிடையாதுங்க." இந்த மாதம் இன்னொரு பயணி குறை சொன்னால் கம்பெனி சவாரியை நிறுத்திவிடும். தொவான் வாயைத் திறக்கிறான். "இழுங்கண்ணே, அவன் கோவிச்சுக்க மாட்டான்." கூடவே ஒரு சிரிப்பும் வருகிறது. அந்தச் சத்தம் அவனுக்கே பிடிக்கவில்லை. எச்சில் ஊறிய சிகரெட் துண்டை அவர் கிண்ணத்து மணலிலேயே நசுக்குகிறார்.

தம்பதி ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுச் சைகோன் திரும்பினார்கள். தொவானின் வேலை போகவில்லை. லுக்கிற்கு மற்ற ஓட்டுநர்கள் இன்றும் சிகரெட் வைக்கிறார்கள். தொவான் மட்டும் அந்த வளைவில் நிறுத்துவதில்லை.