அப்பாவின் கல்லூரி

“பெரியப்பா இருக்கீங்க, அம்மா இருக்கீங்க, அப்பாவும் இருக்கீங்க. மூணு பேரும் கேட்டுக்குங்க. நான் டாக்டருக்குத்தான் படிப்பேன். அதுவும் அப்பா படிச்ச காலேஜ்லதான். அப்பாவோட பழைய தோல் பையையும் எடுத்துட்டுத்தான் போவேன்!”

டாக்டர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். மகளுக்கு அங்கே இடம் கிடைத்த செய்தி அன்று காலைதான் வந்திருந்தது.

“அங்க ஹாஸ்டல் சரியில்லம்மா. தண்ணி வேற உப்பு. இன்னொரு காலேஜ்லயும் கிடைச்சிருக்கே, அதைப் பாக்கலாமே.”

“அந்த உப்புத் தண்ணியக் குடிச்சுத்தானேடா நீ ஆளான?” என்று அதட்டினார் அண்ணன். “ஊரே கையெடுத்துக் கும்பிடுற கைராசி டாக்டர் நீ. அப்பன் உக்காந்த பெஞ்சுல மக உக்காரணும். அதுதான் குடும்பத்துக்கு மரியாதை.”

“ஊசி போடுறப்போ நடுங்காத கை இப்ப எப்படி நடுங்குது பாருங்க! மகள விட்டுப் பிரியணுமேன்னுதான்,” என்று சிரித்தாள் மனைவி.

டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் கல்லூரியின் நீண்ட தாழ்வாரம்தான் வந்து நின்றது.

சேர்க்கைக்கு நால்வரும் போனார்கள். வாசலிலிருந்தே டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பாதி மறைத்துக்கொண்டே நடந்தார்.

தாழ்வாரச் சுவரில், பட்டம் வாங்கியவர்களின் குழுப் படங்கள் ஆண்டு வாரியாக மாட்டியிருந்தன.

“அப்பா! உங்க வருஷம் இங்க இருக்கு!” தோல் பையைத் தோளில் மாட்டியபடி மகள் ஓடினாள்.

“அதெல்லாம் எதுக்கும்மா? நேரமாச்சு, வா.”

“இருடா, புள்ள பாக்கட்டும்.” அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெள்ளைக் கோட்டுகளின் மேல் மகளின் விரல் நகர்ந்தது. டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“முதல் வரிசைல இல்ல... நடு வரிசைலயும் இல்ல... எங்க நின்னீங்கப்பா?”

திரும்பிப் பார்த்தாள். அப்பா நின்ற இடத்தில் கைக்குட்டை மட்டும் கிடந்தது.

இப்போது அவருடைய கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. அவர் அந்தக் கல்லூரி வாசலையே மிதித்ததில்லை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். பேசுகிறவர்கள் தெரிந்து பேச வேண்டும். ஐந்து வருடம் அவர் அங்கேதான் இருந்தார், படத்திலும் இருக்கிறார். கடைசி வரிசையின் ஓரத்தில், அட்டெண்டர் சீருடையில், பேராசிரியரின் அந்தத் தோல் பையைப் பிடித்துக்கொண்டு.