தூக்கின தோள்

"தோள் பதினெட்டரை," என்றார் தையல்காரர்.

அந்த ஒரு வார்த்தை போதாதா, சட்டை தைக்க வந்தவருக்கு?

"பின்னே? முப்பது வருஷம் முன்னாடி, ஃபுட்பால் கடைசி மேட்ச்ல கோல் போட்டானே, 'சூறாவளி'ன்னு பேர் வாங்கின ஆட்டக்காரன், அவனை மைதானத்துக்குள்ள புகுந்து தூக்கின தோளாச்சே!"

"இன்னொரு பக்கம் தூக்கினது நான்," என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னார் பட்டன் வாங்க வந்தவர்.

"என்ன ஆட்டம்! எந்தப் பாவி உதைச்சானோ, முட்டி போச்சு. அதோட ஆட்டமும் போச்சு." சட்டைக்காரர் உச்சுக்கொட்டினார்.

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேசையைப் பிடித்தபடி விந்தி விந்திப் போய் நோட்டில் எழுதினார்.

"யாரும் உதைக்கல சார். நீங்க ரெண்டு பேரும் தூக்கினது வாஸ்தவம்தான்."

"அப்படிச் சொல்லுங்க!"

"ஆனா, கைதட்டணும்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்னை விட்டுட்டீங்களே!"