பந்து லில்லி

மார்கழியில் இலையெல்லாம் காய்ந்து விழுந்த பிறகும் பந்து லில்லித் தொட்டிக்கு நான் தண்ணீர் தெளிப்பேன். "வெறும் மண்ணுக்கா தண்ணி ஊத்துற?" என்று எதிர்வீட்டுத் தில்லைநாயகி அக்கா சிரிப்பார். மே மாதம் மண்ணைப் பிளந்து ஒற்றைத் தண்டு எழுந்தது. உச்சியில் ரத்தச் சிவப்பாய் ஒரு பந்து விரிந்தது. மறுநாள் காலையில் பூவைத் தண்டோடு காணவில்லை. அக்கா வீட்டு வாசலில் போய் எட்டிப் பார்த்தால், முருகன் படத்தின் மேல் செருகியிருந்தது.

"சாமிக்குத்தானே பறிச்சேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குறியே!"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். முருகனைக் கும்பிட்டுப் பூவை உருவினேன்.

"அடியே, சாமி பூவத் தொடாத!"

"சாமிகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். நீங்க யாரக் கேட்டீங்க?"

ஒடித்த தண்டை அதே தொட்டியில் ஊன்றித் தண்ணீர் ஊற்றினேன். வாசலில் நின்று பார்த்த அக்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை.